பட்டறைப் பதில்கள்: சென்சாரைக் கழற்றும் முன்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பல்லவி: “சென்சார் மாற்றியும் சரியாகவில்லை.” ஆகவே பிரேக், கிளட்ச் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயரை வழக்கம்போல் போடவில்லை.

கேள்வி: என் பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடியதும் திடீரென்று அணைந்துவிடுகிறது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழல்கிறது, இன்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. அரைமணி நேரம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது. பேட்டரி மாற்றினேன், பெட்ரோல் பம்பும் மாற்றினேன். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரிவதில்லை. (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

பதில்: நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது, ஐயா. சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. இப்படி நடந்துகொள்ளக்கூடிய உறுப்புகள் காரில் சிலதான். அவற்றில் நான் முதலில் பார்ப்பது கிராங்க் ஷாஃப்ட் சென்சாரை.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையிலோ, அதோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீல் பக்கமோ ஒரு பல்சக்கரம் இருக்கும். பல கார்களில் அதில் 60 பற்களுக்கு இடம் உண்டு. ஆனால் 58 பற்கள்தான் இருக்கும். இரண்டை வேண்டுமென்றே விட்டுவைத்திருப்பார்கள். அந்த இடைவெளி சென்சாரைக் கடக்கும்போதுதான் பிஸ்டன் எந்த நிலையில் இருக்கிறது என்பது கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிகிறது. அந்தச் சைகை வரவில்லையென்றால், கணினியைப் பொறுத்தவரை இன்ஜின் சுழலவே இல்லை. சுழலாத இன்ஜினுக்கு எதற்கு ஸ்பார்க், எதற்குப் பெட்ரோல்? இரண்டையும் நிறுத்திவிடும். பல கார்களில் பெட்ரோல் பம்பையும் சேர்த்தே நிறுத்தும். “பம்ப் ஓசை கேட்கவில்லை” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நல்ல பம்ப் ஒன்று வெளியே போயிருக்கும்.

சுருள் வகைச் சென்சாருக்குள் இருப்பது காந்தத்தைச் சுற்றிய மிக மெல்லிய செப்புக் கம்பி. எங்கோ ஓரிடத்தில் அது விட்டுப்போயிருந்தால், குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரியும்போது பிரிந்துவிடும். விளக்கு எரியாததிலும் வியப்பில்லை. சைகை ஒரேயடியாக நின்றால், இன்ஜின் தானாக நின்றுபோனதாகவே பல கணினிகள் எடுத்துக்கொள்கின்றன, குறையாகப் பதிவு செய்வதில்லை.

அடுத்த முறை நிற்கும்போது ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த அரைமணி நேரம்தான் சோதனைக்கு உகந்த நேரம். ஆறிய காரைக் கொண்டுவந்து “இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது” என்று நிறுத்தினால் எந்த மெக்கானிக்கும் ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டார். காரின் கணினியில் உள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் கையடக்க ஸ்கேனர் ஒன்றை வண்டியில் வைத்திருங்கள். நின்றவுடன் அதில் நேரடி அளவுகளைத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். இன்ஜின் வேகம் நிமிடத்துக்கு 150 முதல் 250 சுற்று வரை காட்டினால் கிராங்க் சென்சார் வேலை செய்கிறது; ஸ்பார்க்கையும் பெட்ரோல் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். பூஜ்யமே காட்டினால் கோளாறு சென்சாரில், அதன் ஒயரில் அல்லது அந்தப் பல்சக்கரத்தில். டேக்கோமீட்டர் முள்ளைப் பார்த்தும் இதைச் சொல்லலாம் என்பார்கள். சில கார்களில் அந்தக் குறைந்த வேகத்தில் முள் அசைவதே இல்லை, ஆகவே அதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

சென்சார் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஈரத் துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போர்த்தி வையுங்கள் (புகைக் குழாயில் கை படாமல்). மற்றதெல்லாம் கொதித்துக்கொண்டிருக்க, இது ஒன்று ஆறியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டால் எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். சுருள் வகைச் சென்சாரை மட்டும்தான் ஓம் வைத்து அளக்க முடியும். அதையும் சூட்டில் ஒருமுறை, குளிரில் ஒருமுறை அளக்க வேண்டும். ஹால் வகையில் உள்ளே மின்னணுச் சில்லு இருப்பதால் ஓம் அளவு எதையும் சொல்லாது. இரண்டு ஒயர் என்றால் பெரும்பாலும் சுருள் வகை. மூன்று என்றால் பெரும்பாலும் ஹால், ஆனால் மூன்றாவது ஒயர் வெறும் கவசமாகவும் இருக்கலாம். ஒயரிங் படத்தைப் பார்க்காமல் மீட்டரை வைக்காதீர்கள். கழற்றியதும் காந்த முனையைப் பாருங்கள். அதில் இரும்புத் தூள் அப்பிக்கொண்டிருந்தாலே சைகை குழம்பும். துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு புதிது வாங்கலாம்.

கேள்வி: காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும் கார், கடைக்குப் போய்விட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் கிளம்ப மறுக்கிறது. நெடுநேரம் சுழற்றினால் கரும்புகையோடு பிடிக்கிறது. பெட்ரோல் வாடை வருகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்கிறார்கள். (பள்ளி ஆசிரியை)

பதில்: முந்தைய கடிதக்காரரின் காரும் உங்கள் காரும் சூட்டில்தான் மக்கர் செய்கின்றன. ஆனால் அங்கே பெட்ரோல் வரவே இல்லை, இங்கே தேவைக்கு மேல் வருகிறது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சாரைச் சந்தேகியுங்கள், அம்மா.

குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், சூடான இன்ஜினுக்கு வேண்டியதில்லை. இதைக் கணினி தீர்மானிப்பது அந்தச் சிறிய சென்சாரை நம்பித்தான். வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பல கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும். 80 டிகிரியில் சுமார் 300 ஓமுக்கு இறங்கிவிடும். இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். கனெக்டரில் பச்சை பிடித்தால் தடை கூடும். தடை கூடினால் கணினிக்கு அது குளிராகத் தெரியும். அதாவது கனெக்டரில் பிடிக்கும் களிம்பு எப்போதும் குளிர்ந்த பக்கமாகத்தான் பொய் சொல்லும். உங்கள் இன்ஜின் 90 டிகிரியில் இருக்கும்போது கணினி 30 டிகிரி என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கொட்டுகிறது.

குறியீடு ஏன் வரவில்லை? ஒயர் முற்றிலும் அறுந்திருந்தால் அளவு மைனஸ் 40 டிகிரிக்குப் போயிருக்கும். அது நம்பத்தகாத அளவு என்பதால் கணினி விழித்துக்கொள்ளும். பாதுகாப்புக்காக ரேடியேட்டர் விசிறியை ஓடவிட்டு விளக்கையும் எரியவைக்கும். 30 டிகிரி நம்பத்தகுந்த அளவுதானே? அதைச் சந்தேகிக்கும் அறிவு பழைய கார்களின் கணினிக்குக் கிடையாது. புதியவற்றுக்கும் எளிதில் வருவதில்லை. செத்துப்போன சென்சாரால் எனக்கு வேலை குறைவு. அரைகுறையாக உயிரோடு இருந்து பொய் சொல்லும் சென்சார்தான் நாள் முழுவதையும் தின்கிறது.

சோதனை எளிது, செலவும் இல்லை. இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் இரண்டு அளவுகளைப் பாருங்கள்: கூலன்ட் வெப்பநிலை, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், வெளியே உள்ள வெப்பநிலையோடும் ஒத்துப்போக வேண்டும். பிறகு நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்தி மறுபடி பாருங்கள். காலையில் சரியாக இருந்து சூட்டில் மட்டும் 40, 50 என்று தயங்கினால் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால் சென்சாரை மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் உண்மையிலேயே சூடாகாது. அப்போது சென்சார் சொல்லும் குறைந்த அளவு உண்மை. மேல் ரேடியேட்டர் குழாயைக் கொஞ்ச நேரத்திலேயே தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்; கிளம்பிய சில நிமிடங்களில் அது மெல்லச் சூடேறிக்கொண்டே வந்தால் தெர்மோஸ்டாட்தான் காரணம். இரண்டும் சரியாக இருந்து, அப்போதும் பெட்ரோல் வாடை வந்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஏதேனும் சொட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை கடை வாசலில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி: ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பல பெட்ரோல் கார்களில் அப்படி மிதித்தால் கணினி பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். இன்ஜின் பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆக்ஸிஜன் சென்சார் கெட்டால் கார் ஸ்டார்ட் ஆகாதா?

பதில்: ஆகும். அந்தச் சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடான பிறகே பேசத் தொடங்குகிறது. ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் கணினி அதைக் கேட்பதே இல்லை. ஸ்டார்ட் ஆகாத காருக்கு இதை மாற்றச் சொல்பவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பி 0171 என்று குறியீடு வந்தது. ‘கலவையில் பெட்ரோல் குறைவு’ என்று பொருள் சொன்னார்கள். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினேன். இரண்டு வாரத்தில் அதே குறியீடு. இன்னொரு புதுச் சென்சாரும் போட்டாயிற்று. மறுபடியும் அதே. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) கார் நடுங்குகிறது. (மருந்துப் பிரதிநிதி)

பதில்: இந்தக் குறியீட்டால் வெளியே எறியப்பட்ட நல்ல சென்சார்களைச் சேர்த்தால் ஒரு குடோன் நிறையும். உண்மையைச் சொன்னதற்காக இரண்டு சென்சார்களைத் தண்டித்திருக்கிறீர்கள்.

ஆக்ஸிஜன் சென்சார் 1976-இல் வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்ததிலிருந்து அதன் வேலை ஒன்றுதான்: எரிந்து வெளியேறும் புகையில் மிச்ச ஆக்ஸிஜன் எவ்வளவு என்று சொல்வது. பழைய வகையில் பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் பக்கம் போகும், காற்று மிகுந்தால் 0.1 பக்கம் இறங்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தைப் பிடித்துவைக்க, கணினி இதைப் பார்த்துப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. எவ்வளவு கூட்டியது என்பதை ஸ்கேனர் ‘ஃபியூயல் டிரிம்’ என்று சதவீதத்தில் காட்டும். அந்தக் கூட்டல் ஓர் எல்லையைத் தாண்டியபோது பி 0171 பதிவாகியிருக்கிறது. காற்று மிகுதி என்று சென்சார் புகார் செய்திருக்கிறது. அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடவில்லை.

இப்படித் தேடுங்கள். இன்ஜின் சூடானதும் ஐடிலில் டிரிம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2,500 சுற்றில் பிடித்துவைத்து மறுபடி பாருங்கள். ஐடிலில் 20, 25 என்று இருந்து, வேகம் கூட்டியதும் 5-க்கு இறங்கினால் எங்கோ ஓட்டையில் காற்று நுழைகிறது. ஓட்டையின் அளவு மாறுவதில்லை. ஐடிலில் இன்ஜின் உறிஞ்சும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்று பெரிதாகத் தெரிகிறது, வேகத்தில் கரைந்துவிடுகிறது. உங்கள் கார் ஐடிலில் நடுங்குவதால் என் பந்தயம் இதன்மேல்தான். இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) கேஸ்கட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், வெடித்த ரப்பர் ஹோஸ்கள், அடைத்துக்கொள்ளாத பி.சி.வி. வால்வு (இன்ஜினுக்குள் சேரும் ஆவியைக் காற்றுப் பாதைக்குத் திருப்பிவிடுவது) எல்லாவற்றையும் பாருங்கள். வளைவுக்கு அடியில் இருக்கும் விரிசல் மேலிருந்து தெரியாது. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எதிர்மாறாக, ஐடிலில் சரியாக இருந்து வேகம் கூட்டக் கூட்ட டிரிம் ஏறினால் ஹோஸ்களை விட்டுவிடலாம். வருகிற காற்றைக் குறைத்துச் சொல்லும் ஏர் ஃப்ளோ சென்சாரோ, அழுத்தம் கொடுக்க முடியாத பம்போ, அடைத்த ஃபில்டரோ காரணம். சென்சாருக்கு முன்னால் புகைக் குழாயில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று நுழைந்து இதே பொய்த் தோற்றத்தைத் தரும். அதைக் காதால் கண்டுபிடிக்கலாம். குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் என்று கேட்கும்.

இன்னொன்று. உங்கள் கார் ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல், மேனிஃபோல்ட் அழுத்த சென்சாரை வைத்து ஓடும் வகையாக இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே ஓட்டைக் காற்றும் அழுத்தமாகத் தெரிந்துவிடுவதால் கணினி அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். பெரும்பாலும் ஐடில் வேகம்தான் ஏறும்.

கேள்வி: ஏர் ஃப்ளோ சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டால் என் கார் முன்பைவிட நன்றாக ஓடுகிறது. அப்படியே ஓட்டலாமா? (கல்லூரி மாணவர்)

பதில்: சோதனை நல்ல சோதனை, தம்பி. அப்படியே ஓட்டாதீர்கள். கனெக்டரைப் பிடுங்கியதும் கணினி அந்தச் சென்சாரை மறந்துவிட்டு, திராட்டில் (காற்று நுழையும் பாதையின் கதவு) எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் எவ்வளவு வேகம் என்பதை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போடுகிறது. தோராயக் கணக்கே உங்கள் சென்சாரின் கணக்கைவிட மேல் என்றால், அந்தச் சென்சார் எவ்வளவு தவறாகச் சொல்கிறது என்று பாருங்கள். எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டர் போட்டிருக்கிறீர்களா? அந்த எண்ணெய் சூடான கம்பியில் படிந்து தூசியைப் பிடித்துவைக்கும். சூடாக்கிய கம்பியைக் காற்று எவ்வளவு குளிரவைக்கிறது என்பதுதான் அங்கே அளவு. அழுக்குப் போர்த்திய கம்பி சரியாகக் குளிராது. அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்து, தானாக உலரவிட்டு மாட்டுங்கள். பஞ்சு, துணி, விரல் எதுவும் படக் கூடாது. கார்புரேட்டர் கிளீனரும் கூடாது. சுத்தம் செய்தபின் ஐடிலில் வினாடிக்கு எத்தனை கிராம் காற்று என்று பாருங்கள். சூடான ஒன்றரை, இரண்டு லிட்டர் இன்ஜினில் 2 முதல் 5 கிராமுக்குள் இருப்பது வழக்கம்.

கேள்வி: காரைக் கழுவிய மறுநாள் ஒரே நேரத்தில் ஐந்து சென்சார்களுக்குக் குறியீடு வந்துவிட்டது. திராட்டில், மேனிஃபோல்ட் அழுத்தம், ஏ.சி. அழுத்தம் என்று நீளமான பட்டியல். கார் முக்கி முக்கித்தான் போகிறது. ஐந்தையும் மாற்ற வேண்டுமாம். உண்மையா?

பதில்: ஐந்து சென்சார்கள் கூடிப் பேசிவைத்துக்கொண்டு ஒரே இரவில் சாகாது. அவற்றுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இந்த வகைச் சென்சார்களுக்குக் கணினி 5 வோல்ட் கொடுக்கிறது; பல கார்களில் ஒரே 5 வோல்ட் கிளையைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் போதும், அந்தக் கிளை முழுவதும் 1 வோல்ட், 2 வோல்ட் என்று சரிந்துவிடும். நல்லவையும் தவறாகப் பேசும்.

சாவியைத் திருப்பி, திராட்டில் கனெக்டரில் 5 வோல்ட் ஒயரை மீட்டரால் பாருங்கள். குறைந்திருந்தால் மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு மற்றச் சென்சார்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மீட்டர் 5-க்குத் தாவுகிறதோ அதுதான் குற்றவாளி. பல நேரம் குறியீட்டுப் பட்டியலில் அதன் பெயரே இருக்காது. எல்லாவற்றையும் கழற்றியும் ஏறவில்லையென்றால் ஒயர்க் கட்டில் எங்கோ உரசல் இருக்கிறது. நீங்கள் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியிருப்பதால் முதலில் கனெக்டர்களைக் கழற்றி உலர்த்துங்கள், எர்த் இணைப்பைத் தேய்த்து இறுக்குங்கள். பேட்டரியையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்னழுத்தம் 9 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் கணினி தடுமாறி, நடக்காததையெல்லாம் எழுதிவைக்கும்.

கேள்வி: இன்ஜின் விளக்கு எரிந்தபடியே ஓட்டலாமா? பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்கிறார்களே?

பதில்: விட்டுவிடாமல் நிலையாக எரிந்தால், வண்டி வழக்கம்போல் ஓடினால், வெப்பமும் எண்ணெய் அழுத்தமும் சரியாக இருந்தால், வீடு வரை ஓட்டலாம். மின்னி மின்னி எரிந்தால் ஓட்டக் கூடாது. ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் பெட்ரோலை அப்படியே வெளியே தள்ளுகிறது. அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

பேட்டரி ஒயரைக் கழற்றும் வைத்தியம் எனக்குப் பிடிக்காத ஒன்று. குறியீடு பதிவான கணத்தில் இன்ஜின் வேகம், வெப்பம், சுமை எல்லாம் என்னவாக இருந்தன என்று கணினி ஒரு பதிவு வைத்திருக்கும். குளிரில் வந்த கோளாறா, மேட்டில் ஏறும்போது வந்ததா என்பது அதில்தான் இருக்கிறது. ஒயரைக் கழற்றினால் பல கார்களில் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும், கோளாறு மட்டும் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: டீசல் கார். காலையில் பத்து வினாடிக்கு மேல் சுழற்ற வேண்டியிருக்கிறது. குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் நான்கும் புதிது. (வாடகைக் கார் ஓட்டுநர்)

பதில்: எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து (அதுதான் ‘ரயில்’) டீசல் போகும் காமன் ரயில் வகையில், அந்தக் குழாயில் போதிய அழுத்தம் சேரும்வரை கணினி இன்ஜெக்டரைத் திறக்காது. கிளம்புவதற்குச் சுமார் 150 முதல் 250 பார் வேண்டும். அழுத்தம் உண்மையில் மெதுவாக ஏறுகிறதா, ஏறியும் சென்சார் சொல்லவில்லையா என்பதைப் பிரிக்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் சாவியை மட்டும் திருப்பி ரயில் அழுத்தத்தைப் பாருங்கள். ஏறத்தாழ பூஜ்யம் இருக்க வேண்டும். நின்ற வண்டியில் 50, 60 பார் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. பூஜ்யத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறினால் சென்சார் நல்லது. இன்ஜெக்டர் திரும்பு குழாய்களில் எது அதிகமாகக் கசிகிறது, ஃபில்டர் பக்கம் காற்று நுழைகிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: நாக் சென்சாரைப் புதிதாக மாற்றியபின் மேட்டில் கார் இழுக்கவே இல்லை. முன்பு இப்படி இல்லை. சென்சார் போலியோ?

பதில்: போலியாகவும் இருக்கலாம். நான் முதலில் கேட்பது, எந்த ஸ்பேனரால் இறுக்கினார்கள் என்று. நாக் சென்சார் இன்ஜினின் அதிர்வைக் கேட்டு மின்சைகையாக மாற்றும் படிகம். போல்ட்டின் இறுக்கமும் அந்தக் கேட்கும் திறனில் ஒரு பகுதி. பல கார்களில் 20 நியூட்டன் மீட்டர் அளவு சொல்லியிருப்பார்கள். நீளமான ஸ்பேனரைப் போட்டு மனம்போல் முறுக்கினாலோ, அடியில் வாஷர் போட்டாலோ, இல்லாத தட்டலை (சிலிண்டருக்குள் கலவை முறைதவறி வெடிக்கும் அதிர்வை) இருப்பதாகவோ இருப்பதை இல்லை என்றோ சொல்லும். தட்டுவதாக நினைத்தால் கணினி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். மேட்டில் இழுவை போவது அதனால்தான். கழற்றுங்கள், இரும்புப் பரப்பில் துருவும் பெயிண்டும் இல்லாமல் துடையுங்கள், வாஷர் இருந்தால் எடுத்துவிடுங்கள், உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அப்போதும் இழுக்கவில்லையென்றால், மேட்டில் ஏறும்போது ஸ்பார்க் டைமிங் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக் குறிக்கச் சொல்லி, எனக்கு எழுதி அனுப்புங்கள்.